டியூபா, டியூப்லெஸ்ஸா? ரோடு சைக்கிள் டயர் மாற்றும் முன்

டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்தால், ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கடைக்காரர் டியூப்லெஸ் போடச் சொல்கிறார். கூட ஓட்டும் நண்பரோ, "அந்தத் தலைவலியே வேண்டாம், டியூபே போதும்" என்கிறார். இரண்டு பேருமே சொந்த அனுபவத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒருவருடைய சைக்கிள் வாரம் 300 கி.மீ. ஓடுகிறது, இன்னொருவருடையது மாதத்தில் பாதி நாள் பால்கனியில் நிற்கிறது. பதில் மாறுவதற்கு அது ஒன்றே போதும்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காக டியூப்லெஸ்ஸுக்கு மாறாதீர்கள். பஞ்சர் வேலையை எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். டியூப் என்றால் வேலை ரோட்டில், அதுவும் அது வருகிற நேரத்தில். டியூப்லெஸ் என்றால் வேலை வீட்டில், நீங்கள் ஒதுக்குகிற நேரத்தில். ஒதுக்காமல் விட்டால் அதுவும் ரோட்டுக்கே வந்துவிடும், இரண்டு மடங்காக.

## மோட்டார் பைக்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

மோட்டார் பைக்கில் டியூப்லெஸ் டயர் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆணி குத்தினாலும் அப்படியே மெதுவாக ஓட்டி வந்து, கடையில் ஆணியைப் பிடுங்கி, துளையைக் குடைந்து, பசை தடவிய நாடாவைச் செருகி, மிச்சத்தை வெட்டிவிட்டால் கதை முடிந்தது. அதே சுகம் சைக்கிளிலும் கிடைக்கும் என்றுதான் பாதிப் பேர் ஆசைப்படுகிறார்கள்.

அது வேறு, இது வேறு. மோட்டார் பைக் டயர் தடிமனானது, காற்று சுமார் 30 பிஎஸ்ஐ, உள்ளே திரவம் எதுவும் தேவையில்லை. ரோடு சைக்கிள் டயரோ நடுவிலேயே சில மி.மீ. தடிமன்தான், காற்று அதைப்போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் நிற்கிறது. முள் குத்தினால் கண நேரத்தில் இறங்கிவிடும். அதனால் துளையைத் தானாக அடைக்கும் திரவம் ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத்தான் சீலன்ட் என்கிறோம். பெரும்பாலானவை ரப்பர் பாலில் நுண்ணிய துகள்களைக் கலந்து செய்தவை. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில், சிரட்டையில் வடிகிற பாலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இறுகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா சேர்ப்பார்கள். பல புட்டிகளைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான்.

ஆக சைக்கிளில் டியூப்லெஸ் என்பது டயர் மட்டும் அல்ல. டயர், ரிம், ரிம்மின் உள்துளைகளை மூடும் ரிம் டேப், வால்வு, சீலன்ட் என்று ஐந்தும் சேர்ந்து நடக்கிற ஏற்பாடு. ஐந்தில் ஒன்று சரியில்லை என்றாலும் காற்று நிற்காது.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

1. உங்கள் ரிம் எதை அனுமதிக்கிறது?
2. நீங்கள் ஓட்டும் ரோட்டில் பஞ்சர் எதனால் ஆகிறது? முள்ளா, கம்பியா, பள்ளத்தில் விழுந்து நசுங்குவதா?
3. பஞ்சர் ஆனால் ரோட்டில் என்ன வேலை, எவ்வளவு நேரம்?
4. பஞ்சரே ஆகாவிட்டாலும் வீட்டில் என்ன வேலை, என்ன செலவு?
5. ஓட்டத்தில் என்ன வித்தியாசம்?

முதலாவது வாசல் மாதிரி. அதைத் தாண்டினால்தான் மற்ற நான்கும். ஐந்தாவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

## முதலில் ரிம்

ரிம்மிலோ சக்கரத்தோடு வந்த காகிதத்திலோ 'டியூப்லெஸ் ரெடி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது, டியூப்தான். சாதாரண ரிம்மில் டேப்பை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி டியூப்லெஸ் ஆக்கும் வித்தையை வீடியோவில் காட்டுகிறார்கள். மலைச் சைக்கிளின் 25 பிஎஸ்ஐ-யில் அது தாக்குப்பிடிக்கலாம். ரோடு சைக்கிளின் 70 பிஎஸ்ஐ-யில், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். டயருக்கும் இதே விதிதான்: டியூப்லெஸ் என்று எழுதியிருக்கிற டயர் மட்டும்.

அடுத்தது ஹூக். ரிம்மின் விளிம்பு உள்பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால் அது வழக்கமான ரிம். வளைவே இல்லாமல் நேராக இருந்தால் அது ஹூக்லெஸ். சமீப வருஷங்களில் வந்த கார்பன் சக்கரங்கள் பலவும் இந்த ரகம்தான். ஹூக்லெஸ்ஸில் ஒரு கண்டிப்பு உண்டு: ரோடு டயரில் காற்று 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது. டியூப் போட்டாலும் சரி, டயர் டியூப்லெஸ் ரகமாகத்தான் இருக்க வேண்டும். ரிம் கம்பெனி அந்த ரிம்முக்கு ஏற்றது என்று சொல்கிற டயராகவும் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூர் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது டயர் ரிம்மை விட்டு வெளியே தொங்கிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. தொழில்முறை சைக்கிள் வீரர்கள் சங்கத் தலைவர் ஆடம் ஹான்சன் ஹூக்லெஸ்ஸையே கேள்வி கேட்டார். அந்த விவாதம் எப்படிப் போனாலும் நமக்கு வேண்டியது ஒன்றுதான். உடல் எடை 85 கிலோவுக்கு மேல் இருந்து, 28 மி.மீ. டயரில் 80 பிஎஸ்ஐ அடித்துப் பழகியவர் என்றால், ஹூக்லெஸ் ரிம்மில் அந்தப் பழக்கம் ஆபத்து. 30, 32 மி.மீ.-க்குப் போய்க் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சைக்கிளில் எவ்வளவு அகல டயர் நுழையும்? பழைய ரிம் பிரேக் சைக்கிள்கள் பலவற்றில் 25 மி.மீ.-க்கு மேல் இடமே இருக்காது. அந்த அகலத்தில் 85, 90 பிஎஸ்ஐ அடிக்க வேண்டிவரும். அந்த அழுத்தத்தில் சீலன்ட் துளையை அடைப்பதற்கு முன்னாலேயே காற்றோடு சேர்ந்து வெளியே பீய்ச்சிக்கொண்டு போய்விடும். 28-க்குக் கீழே டியூப்லெஸ்ஸைப் பற்றி யோசிக்காதீர்கள் என்றே சொல்வேன்.

## பியூட்டைல் டியூப்: எல்லோருக்கும் தெரிந்த கறுப்பு ரப்பர்

இதன் பலம் மலிவு மட்டும் அல்ல. எதுவும் செய்யாமல் வைத்தாலும் கெட்டுப்போகாது. வாரம் ஒரு முறை காற்று பார்த்தால் போதும். மூன்று மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து காற்றடித்தால் கிளம்பிவிடலாம். ஒரு நல்ல டியூப்லெஸ் டயர் வாங்கும் காசில் பத்து டியூப் வாங்கலாம்.

பலவீனம் நெடுஞ்சாலையில் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையிலோ ஈ.சி.ஆரிலோ ஓரமாக ஓட்டுகிறவர்களுக்கு முதல் எதிரி ஆணி இல்லை, கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் அதற்குள் இருந்த எஃகுக் கம்பி இழைகள் ரோட்டோரம் பரவிக் கிடக்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு செ.மீ.கூட நீளம் இருக்காது. டயரில் ஏறினால் வெளியே நுனி மட்டும் மினுக்கும், அதுவும் வெயில் சரியான கோணத்தில் பட்டால். அவசரத்தில் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அதே கம்பி புது டியூபையும் பத்தாவது கிலோமீட்டரில் கவனித்துக்கொள்ளும். டயரின் உள்பக்கத்தை நிதானமாக, கைக்குட்டையைச் சுற்றிய விரலால் ஒரு முழுச் சுற்று தடவ வேண்டும். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே இருக்கிறது. எடுப்பதற்கு நகத்தால் முடியாது. நகவெட்டியோ சின்ன இடுக்கியோ பையில் இருந்தால் பிழைத்தீர்கள்.

இரண்டாவது, நசுங்கல். மூடாத பள்ளத்தில் வேகமாக விழும்போது ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் தரைக்கும் நடுவே டியூப் சிக்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழும். இதைத் தவிர்க்கத்தான் டியூபில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வைக்கிறோம். அந்தக் கூடுதல் காற்றுதான் கை அதிருவதற்கும் காரணம்.

ரோட்டில் டியூப் மாற்ற, பழகிய கைக்குப் பத்து நிமிஷம், பழகாத கைக்கு அரை மணி. "வழியில் பஞ்சர் கடை இருக்குமே" என்று நம்பிப் போகாதீர்கள். மரக்காணம் தாண்டி ஒரு கடையில் நிறுத்தினால் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"இது என்ன சார் வால்வு, ஊசி மாதிரி இருக்கு? நம்ம பம்புல ஏறாதே."

"அண்ணே, இந்தப் பித்தளைத் தொப்பியை மேல திருகிட்டு அடிங்க, ஏறும். மெதுவா, நான் சொல்லும்போது நிறுத்துங்க."

அந்தப் பித்தளை அடாப்டர் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். டியூபோ டியூப்லெஸ்ஸோ, அது ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பெட்ரோல் பங்கு காற்றும் அதனால் உங்களுக்கு உதவும். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. வால் டியூப் போட்ட சைக்கிளும் மோட்டார் பைக்கும் வருகிற கடையில் மெல்லிய பிரஸ்டா வால்வுக்கு அவர் எதற்குப் பம்பு வைத்திருக்க வேண்டும்?

மறைமுகச் செலவு என்று பார்த்தால் நேரமும் பம்பும்தான். கார்பன் டை ஆக்சைடு குப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசியும். வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்று அடியுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் புது பஞ்சர் என்று நினைத்து டயரைப் பிரிப்பீர்கள்.

இதே குடும்பத்தில் லேடெக்ஸ் டியூப் என்று ஒன்று உண்டு. உருட்டுவதற்கு மிக லேசு, ஆனால் ராத்திரி அடித்த காற்று காலையில் கணிசமாக இறங்கியிருக்கும். பந்தயக்காரர் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

## டி.பி.யு. டியூப்: நடுவில் வந்த மூன்றாம் ஆள்

கண்ணாடித்தாள் போல மெல்லிய, ஆரஞ்சிலும் நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் வருகிற பிளாஸ்டிக் டியூப். பியூட்டைல் சுமார் 100 கிராம் என்றால் இது 35, 40 கிராம். மடித்தால் தீப்பெட்டிக்குள் நுழைந்துவிடும் போல இருக்கும். உருட்டும் தடையும் பியூட்டைலைவிடக் குறைவு. விலை இரண்டு மூன்று மடங்கிலிருந்து பத்து மடங்கு வரை, பிராண்டைப் பொறுத்து.

இதன் வம்புகள் மூன்று. முதலாவது, பஞ்சர் கடையில் இதைக் கொடுக்கவே கூடாது. வழக்கமான சொல்யூஷன் இதில் பிடிக்காது. சூடுபோட்டு ஒட்டப் பார்த்தால் டியூபே சுருங்கிப் போகும். இதற்கென்று தனி ஒட்டு வருகிறது, அதையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவைத்து ஒட்ட வேண்டும். இரண்டாவது, வெப்பம். ரிம் பிரேக்கில் நீண்ட இறக்கம் இறங்கினால் ரிம் கொதிக்கும். சில டி.பி.யு. டியூப்களை ரிம் பிரேக்குக்குப் போடாதே என்று கம்பெனியே எழுதியிருக்கும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குவது அதைச் சோதித்துப் பார்க்கிற இடம் அல்ல. மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது: இப்போது எல்லோரும் வாங்குகிற உள்ளங்கை அளவு பேட்டரி பம்பு நன்றாகச் சூடாகும். வால்வுத் தண்டும் பிளாஸ்டிக் என்றால் பம்பை நேராகச் செருகி அடிக்கும்போது தண்டு இளகிவிடக்கூடும். நடுவில் ஒரு சின்ன ரப்பர் குழாய் வைத்து அடியுங்கள்.

இன்னொன்று: இதை டயருக்கு வெளியே வைத்துக் காற்றடித்துப் பார்க்காதீர்கள். விரிந்தது பழைய அளவுக்குத் திரும்பாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஸ்பேர் டியூபாகப் பையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்லது இல்லை. டியூப்லெஸ் ஓட்டுகிறவரின் பையிலும் கிடக்க வேண்டியது இதுதான்.

## டியூப்லெஸ்: நடந்தால் ராஜா

சரியாகப் போட்டு, சீலன்ட் ஈரமாக இருக்கும் டியூப்லெஸ் டயரில் மேலே சொன்ன கம்பி குத்தினால் என்ன ஆகும்? ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், நாலைந்து சுற்று பின்தொடையில் வெள்ளைத் துளிகள், அப்புறம் அமைதி. பல நேரம் அதுகூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் டயரில் காய்ந்த பொட்டு ஒன்றைப் பார்ப்பீர்கள். நசுங்கல் பஞ்சருக்கு டியூபே இல்லாததால் காற்றைத் தாராளமாகக் குறைக்கலாம். 70 கிலோ ஆள் 28 மி.மீ.-ல் 75 அடித்த இடத்தில் 65 போதும். மழைக்குப் பிறகு பெயர்ந்து கிடக்கும் மாவட்டச் சாலையில் அந்தப் பத்து பிஎஸ்ஐ-யின் வித்தியாசத்தை மணிக்கட்டு உடனே சொல்லும்.

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சீமைக் கருவேலத்தை வெட்டி வண்டியில் ஏற்றிப் போன ரோட்டில் முள் சிதறிக் கிடக்கும். ஓரத்தில் இறங்கினால் நெருஞ்சி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சைக்கிள்காரர்கள் சபிக்கிற முள்ளும் நம் நெருஞ்சிதான், அங்கே போய்ப் பரவியது. இந்த மாதிரி மண்ணில் ஒரே காலையில் மூன்று டியூப் மாற்றியவர்களைத் தெரியும். அவர்களிடம் டியூபின் எளிமையைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

சரி, விலை என்ன?

போடுவது. டயர் ரிம்மில் மிக இறுக்கமாக உட்கார வேண்டும், அதனால் மாட்டுவதே மல்லுக்கட்டு. பிறகு பீட்டை, அதாவது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பை, சோப்புத் தண்ணீரால் ஈரமாக்கி, காற்றை ஒரே மூச்சில் வேகமாக அனுப்ப வேண்டும். ‘டப், டப்’ என்று இரண்டு பக்கமும் பீட் ஏறி உட்காரும் சத்தம் கேட்டால்தான் நிம்மதி. சாதாரண நிற்கும் பம்பில் சில ஜோடிகள் உட்காரும், சில எவ்வளவு குத்தினாலும் உட்காராது. அப்போது கம்ப்ரசர் வேண்டும். முதல் முறை கடையில் கொடுத்துப் போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று பாருங்கள், அடுத்த முறை உங்கள் வேலை.

சீலன்ட் காய்வது. இதைத்தான் விற்பவர்கள் மெல்லிய குரலில் சொல்கிறார்கள். புட்டியில் இரண்டு முதல் ஆறு மாதம் என்று எழுதியிருக்கும். குளிர்நாட்டுக் கணக்கின் மேல்முனையை நம்பாதீர்கள். சென்னை, மதுரை, திருச்சி வெயிலில், அதுவும் மொட்டை மாடியிலோ காருக்குப் பின்னாலோ கிடக்கிற சைக்கிளில், இரண்டு மாதத்தில் பார்த்துவிடுவது நல்லது. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் ‘சளக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால், வால்வைக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து, காற்றை இறக்கி, வால்வின் உள்கோரைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டவில்லை என்றால் நீங்கள் ஓட்டுவது சீலன்ட் இல்லாத டியூப்லெஸ். ஒரு டயருக்கு 40 மி.லி. என்று வைத்து, இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை இரண்டு டயருக்கும் நிரப்பினால் வருஷத்துக்கு 400 மி.லி. ஆகிறது, ஏறக்குறைய ஓர் அரை லிட்டர் புட்டி. பணம் பெரிய விஷயமில்லை. ஞாபகம்தான்.

அடைபடாத துளை. முள் துளை, கம்பித் துளையெல்லாம் சீலன்ட் பாடு. கண்ணாடிச் சில்லு மூன்று நாலு மி.மீ. கீறிவிட்டால் நாடா செருக வேண்டும். மோட்டார் பைக் நாடாவின் குட்டி வடிவம், ஊசியும் சின்னது. சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு நிமிஷத்தில் ஆகிற வேலை. வெட்டு பக்கச்சுவரில் என்றால் நாடாவும் நிற்காது. அப்போதுதான் டியூப்லெஸ்காரரின் சோதனை தொடங்குகிறது: இறுகிக் கிடக்கும் டயரை லீவரால் பிரித்து, சீலன்ட் வழிகிற கையோடு டியூப்லெஸ் வால்வைக் கழற்றி, கிழிசலுக்கு உள்ளே பழைய டயரில் வெட்டிய துண்டை வைத்து, டியூபைப் போட வேண்டும். அதற்கு முன் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. இத்தனை மாதம் சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்துவைத்த முட்களும் கம்பிகளும் டயரின் உள்பக்கம் நுனி நீட்டிக்கொண்டே இருக்கும். டியூபைப் போட்டுக் காற்றடித்த மறுகணம் அத்தனையும் அதில் இறங்கும். விரலில் துணி சுற்றித் தடவி, ஒவ்வொன்றாகப் பிடுங்காமல் டியூப் போடாதீர்கள்.

சில்லறை வம்புகள். வால்வின் உள்கோர் சீலன்டால் அடைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பேர் கோரும் அதைக் கழற்றும் குட்டிச் சாவியும் பையில் இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு குப்பி சில வகை சீலன்டைக் கட்டிதட்ட வைத்துவிடும், புட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தெளித்த சீலன்டை உடனே ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். சட்டையில் காய்ந்தால் போகாது.

### வேகம், எடை

டியூப்லெஸ் லேசானது என்பது பெரும்பாலும் விளம்பரப் பேச்சு. கான்டினென்டல் ஜிபி 5000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 28 மி.மீ.-ல் டியூபுக்கான டயர் சுமார் 240 கிராம், டியூப்லெஸ் டயர் சுமார் 280. முன்னதோடு பியூட்டைல் டியூப் சேர்த்தால் 340-ஐ ஒட்டி வரும். பின்னதோடு சீலன்ட், டேப், வால்வு சேர்த்தால் 330-ஐ ஒட்டி. டி.பி.யு. போட்டால் 280. எடையில் ஜெயிப்பது டி.பி.யு.தான்.

உருட்டும் தடையில் பியூட்டைலைவிட டியூப்லெஸ் ஒரு டயருக்கு ஒன்றிரண்டு வாட் மிச்சம் பிடிக்கும். இரண்டு சக்கரத்துக்கும் மூன்று நான்கு வாட். மணிக்கு 30 கி.மீ.-ல் 150 வாட் அளவில் ஓட்டுகிறவருக்கு 100 கி.மீ.-ல் ஒன்றரை, இரண்டு நிமிஷம் கிடைக்கலாம். திண்டிவனத்தில் டீக்கு நிற்கிற நேரத்தில் கால்வாசிகூட இல்லை. பந்தய வீரர்களைப் பாருங்கள். 2019-ல் கிறிஸ்டாஃப் டியூப்லெஸ்ஸில் பெல்ஜியத்தின் கென்ட்-வெவல்கெம் பந்தயத்தை ஜெயித்தார். 2020 டூர் டி பிரான்ஸின் இரண்டாம் நாளில் அலாஃபிலிப் டியூப் போட்ட டயரில் நீஸில் ஜெயித்தார். அதற்குப் பிறகு பெரிய அணிகள் டியூப்லெஸ் பக்கம் நகர்ந்தது உண்மை. ஆனால் அவர்கள் பின்னால் ஸ்பேர் சக்கரத்தோடு கார் வருகிறது, சீலன்ட் பார்க்க மெக்கானிக் இருக்கிறார்.

## ஒரே பார்வையில்

| | பியூட்டைல் டியூப் | டி.பி.யு. டியூப் | டியூப்லெஸ் |
|---|---|---|---|
| ரிம் | எதுவும் (ஹூக்லெஸ் என்றால் டயர் டியூப்லெஸ் ரகம்) | அதேபோல். ரிம் பிரேக் என்றால் கம்பெனி விதி பார்க்கவும் | டியூப்லெஸ் ரெடி மட்டும் |
| பொருந்தும் அகலம் | எல்லாம் | எல்லாம் | 28 மி.மீ.-ம் மேலும் |
| முள், கம்பி | ஒவ்வொன்றும் பஞ்சர் | ஒவ்வொன்றும் பஞ்சர் | பெரும்பாலும் தானே அடைபடும் |
| பள்ளத்தில் நசுங்கல் | உண்டு | உண்டு | டியூப் இல்லை. ரிம் அடிபடலாம் |
| பக்கச்சுவர் கிழிசல் | துண்டு வைத்துப் புது டியூப் | அதேதான் | அதேதான், கை முழுக்கச் சீலன்டோடு |
| வீட்டு வேலை | வாரம் ஒரு முறை காற்று | வாரம் ஒரு முறை காற்று | காற்று + இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சீலன்ட் |
| முதல் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | ரோட்டில் போகும் நேரம் | தனி ஒட்டு, கடையில் சரிசெய்ய முடியாமை | சீலன்ட், டேப், நாடா, ஒரு ஸ்பேர் டியூப் |
| மாதக்கணக்கில் நின்றால் | ஒன்றும் ஆகாது | ஒன்றும் ஆகாது | சீலன்ட் காய்ந்துவிடும் |

## யாருக்கு எது

சைக்கிள் வாரத்தில் ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை என்றால் டியூப். யோசிக்கவே வேண்டாம். நிற்கிற சைக்கிளில் டியூப்லெஸ் போடுவது ரப்பர் பாலைக் காய வைப்பதற்குச் சமம். அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கும் அதுவே என் பதில். சட்டையில் வெள்ளைப் பொட்டோடு மீட்டிங்கில் உட்கார வேண்டாம்.

பழைய ரிம் பிரேக் சைக்கிள், 23 அல்லது 25 மி.மீ. டயர் என்றாலும் டியூப்தான். பஞ்சர் அதிகம் என்றால் அந்தக் காசை உள்ளே பாதுகாப்புப் பட்டை உள்ள தடித்த டயரில் போடுங்கள். ஓட்டம் கொஞ்சம் மந்தமாகும், நிற்கிற நேரம் நிறையக் குறையும்.

வாரம் 150, 200 கி.மீ.க்கு மேல், பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்தில், டிஸ்க் பிரேக், டியூப்லெஸ் ரெடி ரிம், 28 அல்லது 30 மி.மீ. என்று எல்லாம் ஏற்கெனவே கையில் இருந்தால் டியூப்லெஸ் போடுங்கள். முள் மண்ணில் ஓட்டுகிறவர்களுக்கும் இதுவே. ஆனால் செல்போனில் சீலன்ட் நினைவூட்டலைப் போடுகிற ஆளா நீங்கள் என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.ஆர்.எம்., அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டுகிறவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம். கடிகாரம் பஞ்சருக்காக நிற்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வெளிச்சத்தில் கம்பி தேடுவதைவிட டியூப்லெஸ் எவ்வளவோ மேல். அதே ராத்திரியில் பக்கச்சுவர் கிழிந்தால் டியூப் போட்டவர் உங்களுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். கம்பித் துளைதான் பல மடங்கு அதிகம் நடப்பது, அதனால் என் ஓட்டு டியூப்லெஸ்ஸுக்கு. ஒரு நிபந்தனை: டயரைக் கழற்றி டியூப் போடுவதை வீட்டில் ஒரு முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். சில டயர்-ரிம் ஜோடிகள் வீட்டிலேயே கழறாது. அப்படிப்பட்ட ஜோடியோடு 600 கிளம்பாதீர்கள், டயரை மாற்றுங்கள்.

மலை இறக்கம் அதிகம் இறங்குகிறவர்களுக்கு டியூப்லெஸ்ஸில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. டியூப் வெடித்தால் காற்று ஒரே அடியாகப் போகும். டியூப்லெஸ்ஸில் துளை விழுந்தால் பெரும்பாலும் மெதுவாக இறங்கும், ஓரம் கட்ட நேரம் கிடைக்கும்.

இரண்டு மனமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பின் சக்கரத்தை மட்டும் டியூப்லெஸ் ஆக்குங்கள். எடையில் பெரும்பகுதி பின்னால் இருக்கிறது, முன் சக்கரம் புரட்டிவிட்டுப் போகிற கம்பியும் அதில்தான் ஏறுகிறது, அதனால் பஞ்சரும் அங்கேதான் அதிகம். செயினும் கியரும் இருக்கிற சக்கரத்தை ரோட்டில் கழற்றி மாட்டுவதும் கூடுதல் எரிச்சல். முன்னால் டியூபே இருக்கட்டும். ஒரு டி.பி.யு. டியூப், நாலு நாடா, ஊசி, இரண்டு லீவர், சின்ன இடுக்கி, பித்தளை அடாப்டர், ஒரு கைப்பம்பு: இரண்டு சக்கரத்துக்கும் இந்த ஒரே பை போதும். அடுத்த முறை முன் டயர் தேயும்போது பின் சக்கரத்துக்கு எத்தனை முறை சீலன்ட் ஊற்றினீர்கள், எத்தனை முறை மறந்தீர்கள் என்று பார்த்து மிச்சத்தை முடிவு செய்துகொள்ளலாம்.